டவர் நம்ம ஊர்ல... சிக்னல் யார் கையில?

உங்க வீட்டுல கடைசியா ரேஷன் கடைக்குப் போனது யார்? நீங்களா, அம்மாவா, அப்பாயியா? அப்பாயின்னா, இந்த சீன் அவங்களுக்கு ரொம்பவே பழக்கமானதா இருக்கும்.

பெரம்பலூர் மாவட்டத்துல, பச்சைமலை அடிவாரத்துல ஒரு ஊர். பேர் வேண்டாமே. லீவுக்குப் போனப்போ, எங்க அப்பாயிக்குத் துணையா ரேஷன் கடை கியூவுல நின்னேன். அப்பாயி மெஷின்ல கட்டைவிரலை வைக்கிறாங்க. ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. "சிக்னல் இல்ல ஆயா... செத்த நேரம் நில்லுங்க"ன்னு சொல்லிட்டு, சேல்ஸ்மேன் மெஷினைத் தூக்கிக்கிட்டு எதிர்ல இருக்கிற மேட்டுக்குப் போறார். பையைத் தூக்கிக்கிட்டு மொத்த கியூவும் அவர் பின்னாடியே போகுது!

"பஞ்சாயத்துல சொல்லி ஒரு வழி பண்ணக் கூடாதா?"ன்னு கியூவுல ஒருத்தர் கேட்டார். "பஞ்சாயத்து என்னத்த பண்ணும்... டவரெல்லாம் டெல்லிக்காரன் கையில இருக்கு"ன்னு இன்னொருத்தர் சொன்னார்.

யார் சொன்னது சரி? சட்டத்தையும் விதிகளையும் தேடிப் படிச்சுப் பார்த்தேன். ரெண்டு பேருமே பாதி சரி. மிச்சம் பாதியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா, நம்ம ஊருக்கு நாமளே கொஞ்சம் செஞ்சுக்கலாம். வாங்க, பார்த்துடலாம்.

ரேஷன் நம்ம லிஸ்ட்... சிக்னல் டெல்லி லிஸ்ட்!

நம்ம அரசியல் சட்டத்துல யாருக்கு எந்த வேலைன்னு பட்டியல் போட்டிருக்காங்க. ஏழாவது அட்டவணையில மத்திய அரசுப் பட்டியல் இருக்கு. அதுல 31-வது வரியில தபால், தந்தி, டெலிபோன், வயர்லெஸ் எல்லாம் வருது. ஆக, அலைக்கற்றை, லைசென்ஸ், சிக்னல் எல்லாமே டெல்லியோட வேலை.

1993 ஏப்ரல் 24-ம் தேதி நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம், பஞ்சாயத்துகளுக்குன்னு 29 விஷயங்களை பதினோராவது அட்டவணையில கொடுத்தது. அதுல டெலிபோன் கிடையாது. ஆனா 13-வதா ரோடு இருக்கு. 28-வதா பொது விநியோகம் இருக்கு. அதாங்க, நம்ம ரேஷன்! 29-வதா ஊர்ப் பொதுச் சொத்துகளைப் பராமரிக்கிற வேலை.

பிரச்னை புரியுதா? அரிசி போடுற விஷயம் பஞ்சாயத்து லிஸ்ட்டுல. அந்த அரிசியை விடுவிக்கிற சிக்னல் டெல்லி லிஸ்ட்டுல. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் 2020 அக்டோபர் 1-ல் தமிழ்நாட்டுக்கு வந்ததோட விரல் ரேகையும் கடைக்கு வந்துச்சு. அன்னையிலிருந்து இந்த ரெண்டு லிஸ்ட்டும் அப்பாயியோட கட்டைவிரல்ல வந்து முட்டிக்குது.

இதுல ஒரு வேடிக்கை. 2007 மே முதல் நாட்டோட டெலிகாம் அமைச்சரா இருந்த ஆ.ராசா, 2009 தேர்தல் வரைக்கும் பெரம்பலூர் தொகுதி எம்.பி.! அவர் காலத்துல கொடுத்த 122 லைசென்ஸை 2012 பிப்ரவரி 2-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணினதும், 2ஜி வழக்குல 2017 டிசம்பர் 21-ல் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் அவர் உட்பட எல்லாரையும் விடுதலை பண்ணினதும், அதை எதிர்த்த அப்பீலை 2024 மார்ச்சுல டெல்லி ஐகோர்ட் விசாரணைக்கு ஏத்துக்கிட்டதும் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. அலைக்கற்றை பத்தி நாடே பேசினப்போ நம்ம மாவட்டம் பேரும் டி.வி.யில ஓடுச்சு. ஆனா, அலைக்கற்றை ஆகாசத்துல இருந்தாலும், அது இறங்குறதுக்கு ஒரு கம்பமோ, ஒரு மனையோ, ரோட்டோரமா ஒரு பள்ளமோ வேணும். அது எல்லாம் நம்ம ஊர்லதான் இருக்கு!

"எங்க தெருவுல டவர் வேண்டாம்!"

சிக்னல் இல்லைன்னு அழுற ஊர் ஒரு பக்கம். டவரே வேண்டாம்னு மனு கொடுக்கிற தெரு இன்னொரு பக்கம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இந்த ரெண்டு ரக மனுவும் வரும்.

சரி, பஞ்சாயத்து தீர்மானம் போட்டா டவரை நிறுத்த முடியுமா?

டவர் எங்க நிக்குதுங்கறதைப் பொறுத்தது. பஞ்சாயத்து இடத்துலயோ, பஞ்சாயத்து ரோட்டோரமாவோ வரணும்னா அனுமதி வாங்கியே ஆகணும். 2016 நவம்பர்ல வந்த 'வழி உரிமை' விதிகள் இதுக்கு 60 நாள் கெடு வெச்சது. 2023-ல் புது தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, அதுக்குக் கீழே 2025 ஜனவரி 1 முதல் புது விதிகள் நடைமுறைக்கு வந்துச்சு. இதுல கெடு 67 நாள். அதுக்குள்ள 'சரி'ன்னும் சொல்லாம 'முடியாது'ன்னும் சொல்லாம ஃபைலை அலமாரியில வெச்சிருந்தா... அனுமதி கொடுத்ததாவே அர்த்தம்! மறுக்கணும்னா காரணத்தை எழுத்துல சொல்லணும். 'பார்க்கலாம், பார்க்கலாம்'னு இழுத்தடிக்கிற பழக்கம் இங்க எடுபடாது பாஸ்.

தனியார் இடம்னா கதையே வேற. ஒருத்தர் தன்னோட மாடியையோ மனையையோ வாடகைக்கு விட்டா, பஞ்சாயத்து அனுமதி தேவையில்லைன்னு 2022 ஆகஸ்ட்ல வந்த திருத்தம் உடைச்சு சொல்லிடுச்சு. ஆனா ஒண்ணு... டவர் வைக்கிறதுக்கு முன்னாடியே உள்ளாட்சிக்கு எழுத்துல தகவல் கொடுக்கணும். கட்டடம் அந்த வெயிட்டைத் தாங்கும்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கொடுத்த சான்றும் கூடவே இருக்கணும்.

ஆக, பக்கத்து வீட்டு மாடியில திடீர்னு கம்பி ஏறினா, 'யாரைக் கேட்டு வெச்சீங்க?'ன்னு சண்டை போடுறதுல பிரயோஜனம் இல்லை. 'பஞ்சாயத்துக்குக் கொடுத்த தகவல் கடிதம் எங்க? கட்டட உறுதிச் சான்று எங்க?' இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முப்பது வருஷத்துக்கு முந்தின மாடின்னா அந்தச் சான்று சும்மா ஃபார்மாலிட்டி இல்லை. கீழே குடியிருக்கிறவங்க உயிர் அது. ஆபீஸ்ல காட்ட மாட்டேன்னா, இருக்கவே இருக்கு 2005-ம் வருஷத்து தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபா கட்டி நகல் கேளுங்க.

இப்படி லோக்கல் பாடி கையைக் கட்டிப் போடுறது நம்ம நாட்டுல மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 1996-ம் வருஷச் சட்டப்படி, கதிர்வீச்சு அளவு விதிக்கு உட்பட்டு இருந்தா, அதையே காரணம் காட்டி எந்த ஊராட்சியும் டவரை மறுக்க முடியாது. 2009-ல் அங்கேயும் கெடு வெச்சுட்டாங்க. புது டவர்னா 150 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்.

ரேடியேஷன்... பயமா, கணக்கா?

டவர் எதிர்ப்பு மனுவை எடுத்தா முதல் வரியே 'கதிர்வீச்சு'தான். பயப்படுறவங்களைக் கிண்டல் பண்றது சுலபம். ஆனா அது தப்பு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2011 மே மாசம் ரேடியோ அலைகளை '2பி' பட்டியல்ல சேர்த்தது. 'புற்றுநோய்க்கு வாய்ப்பு இருக்கலாம், ஆனா ஆதாரம் போதாது'ங்கறதுதான் இதுக்கு அர்த்தம். 'இது வரும்'னும் சொல்லலை, 'வரவே வராது'ன்னும் சொல்லலை.

இந்தியா அதுக்கு அடுத்த வருஷமே உஷாராச்சு. 2012 செப்டம்பர் 1 முதல், சர்வதேச அளவுல சொன்ன வரம்புல பத்துல ஒரு பங்கா நம்ம வரம்பைக் குறைச்சாங்க. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட்தான் வரம்பு.

நம்ம தெரு டவர் அந்த வரம்புக்குள்ள இருக்கா? தலைவரோ, கவுன்சிலரோ, டவர் கம்பெனி ஆளோ சொல்றதை நம்ப வேண்டாம். அளந்து பார்த்துடலாம்! தொலைத்தொடர்புத் துறை 2017 மே மாசம் 'தரங் சஞ்சார்'னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சது. மேப்ல உங்க ஊரை வெச்சா, சுத்தி எங்கெங்க டவர் இருக்கு, அது விதிக்கு உட்பட்டு இருக்கான்னு காட்டும். 4,000 ரூபா கட்டி விண்ணப்பிச்சா, ஆளே நேர்ல வந்து அளந்து ரிப்போர்ட் கொடுப்பாங்க.

'4,000 ரூபாயா?!'ன்னு வாயைப் பிளக்காதீங்க. நாற்பது வீடு இருக்கிற தெருவுக்கு, வீட்டுக்கு 100 ரூபாதான். வருஷக் கணக்கா பயந்துக்கிட்டே இருக்கிறதுக்கு, ஒரு தடவை அளந்துட்டா நிம்மதி. அளவு தாண்டியிருந்தா, உங்க மனுவுக்கு அதைவிட பலமான ஆதாரம் வேற இல்லை.

இன்னொரு விஷயம். 2013-ல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதல்ல, டவர் சம்பந்தமான புகாருக்கு மாவட்ட அளவுல தொலைத்தொடர்பு கமிட்டி வைக்கச் சொல்லியிருக்கு. திங்கட்கிழமை மனுவுல 'மாவட்ட தொலைத்தொடர்பு கமிட்டி பார்வைக்கு'ன்னு ஒரு வரி சேர்த்துப் பாருங்க.

பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு பெட்டி!

இப்போ சிக்னல் இல்லாத ஊர் பக்கம் வருவோம்.

கம்பெனிக்காரங்க எங்க டவர் வைப்பாங்க? ரீசார்ஜ் வர்ற இடத்துல. பெரம்பலூர் நாலு ரோட்டுக்கும், அரியலூர், ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கும் போட்டி போட்டுக்கிட்டு வருவாங்க. மலையடிவாரத்துல 80 வீட்டுக்கு யார் வருவா? இதுக்காகத்தான் கம்பெனிகளோட வருமானத்துல 5 சதவிகிதத்தை எடுத்து ஒரு பொது நிதியில போடுறாங்க. முன்னே அதுக்கு 'யுனிவர்சல் சர்வீஸ் ஃபண்ட்'னு பேர். 2024-ல் 'டிஜிட்டல் பாரத் நிதி'ன்னு மாறிடுச்சு. அந்தப் பணத்துலதான் 2022 ஜூலையில, சிக்னலே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபா திட்டம் போட்டாங்க.

இதே பணத்துல இன்னொரு திட்டமும் உண்டு. பாரத்நெட். 2011 அக்டோபர்ல வேற பேர்ல ஆரம்பிச்சு, 2015-ல் இந்தப் பேர் வாங்கினது. நாட்டுல இருக்கிற ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஃபைபர் கேபிள் கொண்டுபோறதுதான் நோக்கம். திட்டம் போட்டப்போ தமிழ்நாட்டுல கணக்குல எடுத்தது 12,525 பஞ்சாயத்து. வேலையைச் செய்யறது மாநில அரசோட 'டான்ஃபிநெட்'. 2020-ல் அதுக்கு விட்ட 1,950 கோடி ரூபா டெண்டர் மேல புகார் கிளம்பி, மத்திய அரசு தலையிட்டு மறு டெண்டர் விடச் சொல்லிடுச்சு. அதுல கொஞ்ச காலம் போச்சு. இதுக்கு நடுவுலதான் கொரோனா வந்து ஸ்கூலெல்லாம் ஆன்லைன் ஆச்சு. 2021 ஆகஸ்ட்ல நாமக்கல் மாவட்டத்து மலையடிவார ஊர்ப் பசங்க சிக்னலுக்காக ஆலமரத்து மேல ஏறி உட்கார்ந்து பாடம் படிச்ச போட்டோ பேப்பர்ல எல்லாம் வந்துச்சே... ஞாபகம் இருக்கா?

பெரம்பலூர் மாவட்டத்துல 121 கிராமப் பஞ்சாயத்து. அரியலூர்ல 201. மொத்தம் 322. இந்தத் திட்டப்படி, ஒவ்வொண்ணுக்கும் நொடிக்கு 1 கிகாபிட் வேகத்துல லைன். கேபிள் பெரும்பகுதி கரன்ட் கம்பத்து வழியாத்தான் வரும். வந்து முடியறது பஞ்சாயத்து கட்டடத்துல வெச்சிருக்கிற ஒரு பெட்டியில.

இங்கதான் பஞ்சாயத்தோட ரோல் ஆரம்பிக்குது! கேபிள் இழுக்கறது அரசாங்கம். ஆனா அந்தப் பெட்டி இருக்கிற ரூம் பஞ்சாயத்தோடது. அதுக்குக் கரன்ட் கனெக்‌ஷன் இருக்கா? கூரை ஒழுகுதா? சாவி யார்கிட்ட? பேட்டரி உயிரோட இருக்கா? இதெல்லாம் டெல்லி பார்க்கிற விஷயமா, சொல்லுங்க? ரூம் பூட்டியே கிடந்தா, 1 கிகாபிட்டும் உள்ளேயே தூங்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்துல ஸ்கூல் இருக்கும், நூலகம் இருக்கும், ரேஷன் கடையும் இருக்கும்.

ஜே.சி.பி. அறுத்த லைன்

குடிநீர் பைப் போட பள்ளம் தோண்டுறாங்க. சாயந்திரம் ஊருக்கே நெட் போச்சு. கேட்டா, 'ஜே.சி.பி. கேபிளை அறுத்துடுச்சு'ன்னு பதில். தோண்டுறது பஞ்சாயத்து கான்ட்ராக்டர். அறுந்தது பஞ்சாயத்துக்கு வர்ற லைன். நம்ம கையாலேயே நம்ம கண்ணைக் குத்திக்கிட்ட கதை!

இதுக்குன்னே 2023 மார்ச் 22-ல் 'கால் பிஃபோர் யூ டிக்'னு ஒரு ஆப் விட்டாங்க. தோண்டுறதுக்கு முன்னாடி இடத்தைக் குறிச்சு அனுப்பினா, அங்கே கேபிளோ பைப்போ வெச்சிருக்கிறவங்களுக்குத் தகவல் போயிடும். 'ஆப்ல பதிஞ்சுட்டுத்தான் தோண்டணும்'னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்றதுக்கு எந்த டெல்லி உத்தரவும் வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கேபிள் கம்பெனி நம்ம சிமென்ட் ரோட்டைக் கீறிட்டு, மண்ணைத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு மழையில அது வாய்க்கால் ஆயிடும். கம்பெனி இஷ்டத்துக்கு அப்படிப் போக முடியாது. 2016 விதியிலேயே, ரோட்டைப் பழையபடி சரிபண்ணித் தரணும், இல்லாட்டி அதுக்கான செலவைக் கட்டணும்னு இருக்கு. இந்தப் பணத்தைக் கேட்டு வாங்குறது அந்த ரோட்டுக்குச் சொந்தக்காரர் வேலை. பஞ்சாயத்து ரோடுன்னா, பஞ்சாயத்து வேலை.

ஆனா அதுக்கு மேல இஷ்டத்துக்கு வசூல் பண்ணவும் முடியாது. டவருக்கு நிர்வாகக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபா, மண்ணுக்கு அடியில போற கேபிளுக்கு கிலோமீட்டருக்கு 1,000 ரூபான்னு அதே விதிகள் உச்சவரம்பு வெச்சது. வரி விஷயமும் அப்படித்தான். டவருக்குச் சொத்து வரி போட மாநிலம் சட்டம் போடலாம்னு 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023 சட்டத்தோட 14-வது பிரிவோ, டவரும் கேபிளும் அது நிக்கிற சொத்தோட பகுதி இல்லை, சொத்து வரிக்கு அதைச் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. உரிமை கொஞ்சம் கொஞ்சமா மேல போகுது. பராமரிப்பு மட்டும் கீழேயே நிக்குது.

யார்கிட்ட போய்ச் சொல்றது?

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டு வந்த தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிஞ்சது. பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. தலைவர்னா டீக்கடையில மடக்கிக் கேட்கலாம். அதிகாரிகிட்ட பேப்பர்ல எழுதித்தான் கேட்கணும். அதனால எழுத்துல கேட்கப் பழகிக்கறது நல்லது.

அதுக்கு நல்ல இடம், கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு 6 தடவை நடத்தணும்னு 2022-ல் அறிவிச்சாங்க. கிராமசபை தீர்மானத்தைக் காட்டி ஒரு டெலிகாம் கம்பெனியை மிரட்ட முடியாது. ஆனா, ஊரே சேர்ந்து கேட்டதுக்கு எழுத்துல ஒரு சாட்சி அது. கலெக்டருக்கோ, டான்ஃபிநெட்டுக்கோ, பி.எஸ்.என்.எல்.லுக்கோ அனுப்புற மனு கூட அதோட நகலை வெச்சா, அது தனி ஆள் புலம்பல் இல்லைன்னு ஆயிடும்.

அடுத்த கிராமசபைக்கு அஞ்சு கேள்வி:

1. நம்ம பஞ்சாயத்துக்கு பாரத்நெட் கேபிள் வந்துடுச்சா? பெட்டி ஓடுதா? சாவி யார்கிட்ட?

2. அங்கிருந்து ஸ்கூல், நூலகம், ரேஷன் கடைக்கு லைன் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டாச்சா? ரேஷன் மெஷின்ல வைஃபை வசதி இருக்கா?

3. ஊர்ல இருக்கிற டவர்களுக்குத் தகவல் கடிதமும் கட்டட உறுதிச் சான்றும் ஃபைல்ல இருக்கா?

4. கேபிளுக்காகத் தோண்டின ரோட்டைச் சரி பண்ணியாச்சா? இல்லைன்னா அதுக்கான பணம் வந்துச்சா?

5. பஞ்சாயத்து வேலைக்குப் பள்ளம் தோண்டுறவங்க ஆப்ல பதிவு பண்றாங்களா?

போறதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். எல்லா கம்பெனியும் தங்களோட கவரேஜ் மேப்பை வெப்சைட்ல போடணும்னு டிராய் 2024 நவம்பர்ல உத்தரவு போட்டது. மேப்ல உங்க ஊர் கலர் பூசி இருந்து, ரேஷன் கடை வாசல்ல ஒரு கோடு கூட வரலைன்னா, ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோட இணைச்சுடுங்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'உங்க வயல்ல டவர் வைக்கிறோம், மாசம் இவ்வளவு வாடகை, முதல்ல டெபாசிட் கட்டுங்க'ன்னு போன் வந்தா, பத்து பைசா கட்டாதீங்க! டவர் வைக்க டிராய் யாருக்கும் என்.ஓ.சி. கொடுக்கறதில்லை, அதுக்காகப் பணமும் வாங்கறதில்லை. ஏமாந்துட்டீங்கன்னா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. இதை பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர்ல ஒட்டினாலே, எத்தனையோ பேரோட சின்ன வெங்காயக் காசு தப்பிக்கும்.

ஃப்ரெண்ட்ஸ்... 5ஜி போன் வாங்கிட்டு, ஊருக்குப் போனா சிக்னல் வரலைன்னு மொட்டை மாடிக்கு ஏறுறோம். நமக்கு அது ரீல்ஸ் லோட் ஆகாத கடுப்பு. அப்பாயிக்கு அது அரிசி. அன்னைக்கு மேட்டுக்கும் கடைக்கும் மூணு தடவை நடந்தாங்க. மூணாவது தடவைதான் மெஷின் 'பீப்'னு சொன்னது.

அந்தக் கடைக்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் நடுவுல நான் எண்ணிப் பார்த்தது அஞ்சு கரன்ட் கம்பம். அவ்வளவுதான் தூரம்!

அடுத்த கிராமசபைக்கு நான் ஊருக்குப் போறேன். முதல் ரெண்டு கேள்வி என்னோடது. மிச்சம் மூணை உங்க ஊர்ல நீங்க கேட்கறீங்களா?